வசனத்தில் இல்லாத வரி

துப்பறியும் மாணிக்கவாசகத்தைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் ஒரு வகை; உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைத் துடைக்கிறவர்கள் இன்னொரு வகை. பாண்டி பஜாரில் பாத்திரக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆபீசுக்கு அன்று காலை மூச்சு வாங்க ஏறி வந்த சண்முகசுந்தரம் இரண்டாவது வகை. துடைத்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தான் மாஜி அமைச்சர் ஆபத்சகாயத்தின் காரியதரிசி என்று அறிமுகம் செய்துகொண்டார்.

ஆபத்சகாயம் யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1972-ல் சென்னையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. முந்தைய வருஷம் வரை மேடைப் பேச்சுக்காகத் தெரியும். அதற்குப் பிறகு அடையாறு பங்களாவுக்காகத் தெரியும். அந்தப் பங்களாவின் கேட்டிலிருந்து ஓர் இளம்பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே வருகிற படத்தை ஒரு மாலைப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அவள் பெயர் சுந்தரவல்லி, சர்க்கார் டைப்பிஸ்ட் வேலைக்குச் சிபாரிசு தேடித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள் என்று மறுநாள் போட்டது. ஆபத்சகாயம் பதவியை ராஜினாமா செய்தார். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அந்தப் பெண் தனியாக வந்தாள், தானாக வந்தாள், என்னைச் சிக்க வைக்கவே வந்தாள் என்று அவர் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். அவளோ கமிஷன் பக்கமே வரவில்லை. இருந்த இடம் தெரியாமல் போய்விட்டாள். ஓடிப்போனவள் பேரில்தானே தப்பு இருக்கும்? ஊர் ஆபத்சகாயத்தை நம்பியது.

நம்பியதோடு விடவில்லை, சிரிக்கவும் சிரித்தது. சுந்தரவல்லியைப் பற்றி ஒரு ஜோக் மயிலாப்பூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் டீக்கடை டீக்கடையாகப் போயிற்று. அதை இங்கே எழுத முடியாது. ஆனால் அதை உண்டாக்கிய புண்ணியவான் யாரென்று எழுதலாம்: மாணிக்கவாசகத்தின் உதவியாளன் அப்துல் கய்யூம். அதை முதலில் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவன் மாணிக்கவாசகம். சிரித்துவிட்டு நாலு இடத்தில் சொந்தச் சரக்கு மாதிரிச் சொல்லவும் செய்தான்.

இப்போது கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளர் ஒருவர் அந்த விவகாரத்தைப் படமாகவே எடுத்துவிட்டார். பெயர் 'மேடையும் மெத்தையும்'. ஆட்களின் பெயரை மாற்றி, பங்களாவை அடையாற்றிலிருந்து ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அவ்வளவுதான் அவர் காட்டிய மரியாதை. முந்தின நாள் தியாகராய நகரில் ஒரு பிரிவியூ தியேட்டரில் முக்கியஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆபத்சகாயமும் காரியதரிசியும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

படத்தைப் பற்றித் தலைவருக்குக் கவலையே இல்லை என்றார் சண்முகசுந்தரம். தலைவரை வில்லனாகக் காட்டட்டும், ஓட்டு குறையாது. ஆனால் படத்தில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை எழுதியவன் யார் என்று சாயந்திரத்துக்குள் தெரிய வேண்டும்.

"என்ன வரி?" என்றான் மாணிக்கவாசகம்.

காரியதரிசி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் ரூம் கதவைச் சாத்துறார். அப்ப அந்தப் பொண்ணு சொல்றா: 'ஐயா, கதவைத் திறந்து வையுங்க. அப்பா வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க.' இதைக் கேட்டதும் தலைவர் தண்ணி கேட்டார்."

"ரிலீசுக்கு முன்னாடியே தண்ணி கேக்க வெச்சிருச்சா?" என்றான் கய்யூம், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "நூறு நாள் ஓடும் சார்."

காரியதரிசி சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கமிஷனின் கடைசி அமர்வு. அது முடிந்தால் தலைவர் மறுபடியும் மந்திரி. இந்த நேரத்தில் அந்தப் பெண் சினிமாக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால் கமிஷனுக்கும் வந்துவிடலாம். எழுதியவனைப் பிடித்தால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளைப் பிடித்துவிடலாம். அவளிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்க வேண்டும், வேறொன்றுமில்லை.

உண்மை இல்லாத வரிக்கு ஒரு மனிதன் ஏன் தண்ணீர் கேட்க வேண்டும் என்று மாணிக்கவாசகத்துக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை ஒதுக்கி வைத்தான். பணக்கார மனிதரை மிரட்டிப் பிழைக்கிற ஒருத்தி ஒளிந்துகொண்டு ஆட்டம் காட்டுகிறாள், அவளைத் தன் மூளையால் பிடித்துவிடலாம் என்ற எண்ணமே அவனுக்கு இனித்தது. சரி என்று சொல்லிவிட்டான்.

பனகல் பார்க் பக்கத்தில் குடியிருந்த வசனகர்த்தாவைத்தான் முதலில் பார்த்தார்கள். அந்த வரியைச் சொன்னதும் மனிதர் கொதித்துப் போனார். அது தன் பேனாவிலிருந்து வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அந்த இடத்தில் தான் எழுதியது, 'பண்பின் சிகரமே, படுக்கையறைக் கதவைத் தாழிடும் முன் உன் பாழும் மனக்கதவைத் திற' என்று தொடங்கி ஒரு பக்கம் போகும் என்றார். எழுந்து நின்று முழுவதையும் பேசியும் காட்டினார்.

"இதுக்குள்ள அந்த ஆளு தூங்கியிருப்பாரு, பொண்ணும் தப்பிச்சிருக்கும்," என்று தெருவில் இறங்கியதும் சொன்னான் கய்யூம்.

டைரக்டரோ எழுதியதைத்தான் எடுத்தேன், மாற்றவில்லை என்று சாதித்தார். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு பேர் முகத்திலும் பொய் இல்லை. மாணிக்கவாசகம் சிறிது யோசித்துவிட்டு, டைரக்டரைக் கூட்டிக்கொண்டு அதே பிரிவியூ தியேட்டருக்குப் போய் அந்த ரீலை மட்டும் ஒலி இல்லாமல் ஓட்டச் சொன்னான். காது ஏமாறும்போது கண்ணைக் கேட்பது அவன் வழக்கம்.

திரையில் கதாநாயகி கதவருகே நின்று, கண்ணில் நீர் தளும்ப, உதட்டை அசைத்தாள். கய்யூம் முன் வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"சார், இந்தப் பொண்ணு வசனம் பேசல. எண்ணிக்கினு கீது. ஏக், தோ, தீன், சார்... எங்கூட்ல அம்மா சப்பாத்தி எண்ணும்போது இதே வாய்தான். பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டு அழுவுது பாரு. பன்னெண்டாவது சப்பாத்தி காணோம் போல."

டைரக்டர் அசடு வழிந்தார். கதாநாயகி பம்பாய்ப் பெண், ஒரு வரித் தமிழ்கூட அவள் வாயில் நிற்கவில்லை, அதனால் எண்ணிக்கொண்டே நடி, பிற்பாடு குரல் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாராம். எல்லோரும் செய்வதுதானே என்றார். ஒரு பக்க வசனம் அந்தச் சின்ன உதட்டசைவில் அடங்காது. ஆகவே அந்த வரி பேனாவிலும் பிறக்கவில்லை, செட்டிலும் பிறக்கவில்லை. பிற்பாடு இருட்டறையில் குரல் சேர்த்தபோது பிறந்திருக்கிறது. மாணிக்கவாசகத்துக்கு உள்ளங்கை அரித்தது. துப்பு வழிவிடும்போதெல்லாம் அவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

வடபழனிப் பக்கம் இருந்த டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவாளர் இனாயத் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, சாந்தமான மனிதர். கதாநாயகிக்குக் குரல் கொடுத்த அம்மாவைப் பற்றிக் கேட்டதும் அந்தச் சாந்தம் கொஞ்சம் குறைந்தது. அவர்களுடைய பெயரே தனக்குத் தெரியாது, மந்தைவெளி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், ஒரு வருஷமாக வருகிறார்கள், தங்கமான குரல் என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

மாணிக்கவாசகம் சுற்றிப் பார்த்தான். குரல் கொடுக்கிற அறைக்குக் கனமான கதவு இருந்தது. அதன் பக்கத்துத் தட்டில் ஒரு கறுப்புக் கம்பளி மடித்து வைத்திருந்தது. நிலைக்கு மேலே புதிதாக இரண்டு கொக்கி அடித்திருந்தது. இவ்வளவு நல்ல கதவு இருக்கும்போது கம்பளி எதற்கு என்று கேட்டான்.

இனாயத் தயங்கினார். ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. "அந்தம்மாவுக்குக் கதவு சாத்தினா ஆவாதுங்க. மூச்சு முட்டுது, குரலே வராது. நல்ல குரலு, விட மனசில்ல. அதான் கம்பளியக் கட்டிட்டு, ஃபேனெல்லாம் நிறுத்திட்டு எடுக்கிறது."

"அந்த பங்களா சீனையும் அப்படித்தான் எடுத்தீங்களா?"

இனாயத் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். அந்தத் துண்டுப் படத்தை வளையமாக ஒட்டி மெஷினில் மாட்டியதைச் சொன்னார். வளையம் சுற்றச் சுற்றத் திரையில் அதே காட்சி வந்துகொண்டே இருக்கும். உதடு அசையும் நேரத்துக்குப் பேச்சு சரியாக உட்காரும்வரை குரல் கொடுப்பவர் அதையே பார்த்துப் பேச வேண்டும். அன்றைக்கு வசனகர்த்தாவின் பேச்சு எப்படி வெட்டினாலும் உட்காரவில்லை. அந்த ஆள் கதவைச் சாத்துவான், திரும்புவான், பெண் வாயைத் திறப்பாள். மறுபடியும் கதவைச் சாத்துவான். எத்தனை தடவை ஓடியதென்று யாரும் எண்ணவில்லை.

"அப்புறம் அந்தம்மா காகிதத்தக் கீழ வெச்சிட்டாங்க. திரையப் பார்த்துக்கினே இந்த வரிய சொன்னாங்க. அப்படியே உதட்டுல உக்காந்துச்சு. அன்னிக்கு டைரக்டரு வரல, அசிஸ்டெண்டுதான் ஓகேன்னு கைதட்றாரு. இவங்க கம்பளியத் தள்ளிட்டு வெளிய ஓடி வாந்தி எடுத்தாங்க. அன்னிலேர்ந்து வேலைக்கு வரல." இனாயத் அவனை நேராகப் பார்த்தார். "எதுக்கு சார் கேக்கிறீங்க?"

மாணிக்கவாசகத்தின் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. சுந்தரவல்லி யாருக்கும் கதை விற்கவில்லை. சுந்தரவல்லியே அந்தக் குரல். தன் கதை என்று தெரியாமல் ஒப்புக்கொண்டு வந்து, தன் வேஷத்துக்கே குரல் கொடுத்திருக்கிறாள். எவ்வளவு அழகான முடிச்சு, எவ்வளவு சுளுவாக அவிழ்ந்துவிட்டது. வாந்தி எடுத்த ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்ட நிமிஷத்தில் தான் அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்து அவன் பிறகு வெகுநாள் கூசினான்.

முகவரியைக் கய்யூம் வாங்கி வந்தான். குரல் கொடுக்க வருகிறவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிற கம்பெனி வேனின் டிரைவர் சர்தாரிடம் ஒரு சிங்கிள் டீ, இரண்டு ஜோக், அவ்வளவுதான் செலவு. எப்போதும் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிக்கொள்கிற அம்மாவை மழை நாளில் ஒரு தடவை சர்தார் சந்துக்குள் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருந்தான். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. பெரியவர் ஒருவர் குடையோடு நின்றாராம். அந்த வீட்டில் கதவு இல்லை, பழைய புடவைதான் தொங்கிற்று என்று சர்தாருக்கு அதிசயமாக இருந்திருக்கிறது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சர்தார் சொன்னது சரிதான். நிலை இருந்தது, கீல் இருந்தது, கதவு மட்டும் இல்லை. கழற்றிய கதவை வாசலுக்குப் பக்கத்தில் நாலு செங்கல்லின் மேல் படுக்க வைத்து உட்காரும் பலகையாக ஆக்கியிருந்தார்கள்.

"திருடனுக்குப் பாதி வேலை மிச்சம்," என்றான் கய்யூம். அன்று அவன் சொன்ன கடைசி ஜோக் அதுதான்.

புடவையை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், காதோரம் நரை தெரிந்தது. யார் வேண்டும் என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. மாணிக்கவாசகம் தன் பெயரைச் சொல்லி, அவள் பெயர் சுந்தரவல்லி என்பதையும் சொல்லி, வசனகர்த்தாவில் ஆரம்பித்துக் கம்பளி வரைக்கும் தான் கண்டுபிடித்த விதத்தை அடுக்கினான். பழக்க தோஷம். அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அவர் அனுப்பிச்சாரா?"

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"அப்போ அவர்கிட்டச் சொல்லுங்க. அந்த வரியைப் படத்திலேருந்து எடுத்திரட்டும். எனக்கும் அதுதான் வேணும்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. பயந்து அழுவாள், பேரம் பேசுவாள், மறுப்பாள் என்று மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். இதற்கு வைத்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டான்.

அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் நீங்கள் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் நின்றபடியே சொன்னாள். அடையாறு பங்களாவுக்கு அவள் தனியாகப் போகவில்லை. அப்பா இசக்கிமுத்துவோடு போனாள். அவர் ஊரில் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபத்சகாயம் அவரைக் கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். பெண்ணுக்கு டைப் எப்படி வருகிறது என்று பார்க்கிறேன் என்று அவளை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவள் அந்த வரியைச் சொன்னாள்.

"அதுக்கப்புறம் நான் வெளிய வந்தேன். அப்பா காபி டம்ளரைக் கையில வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வேலை கிடைச்சிருமாம்மான்னு கேட்டாங்க. கிடைச்சிரும்ப்பான்னேன்."

அப்பா ரிக்ஷா பிடிக்க முன்னால் போனார். பின்னால் வந்தவளைக் கேட்டருகே யாரோ படம் பிடித்தார்கள். கமிஷனுக்குப் போயிருந்தால் அப்பா எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். அப்படியென்றால் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோதா என்று அப்பா நினைப்பார். அதற்குப் பிறகு அவர் உயிரை வைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால், தனியாக வந்தவள், தானாக வந்தவள் என்று ஊர் சொன்னதை அவள் மறுக்கவில்லை. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, படமெல்லாம் கட்சிக்குள் இருக்கிற எதிரிகளின் வேலை என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் நம்பினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"என்னைப் பத்தி ஊர்ல என்னென்ன பேசினாங்கன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றாள். "பரவாயில்லை. அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. ஆனா நானே வாயைத் திறந்து சொல்லிட்டேன். அந்தக் கதவை அத்தனை தடவை சாத்தினா நான் என்ன செய்யட்டும்?"

கய்யூம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாணிக்கவாசகத்துக்குக் காது மடல் எரிந்தது. இத்தனை நாள் தான் துப்பறிகிறோம் என்று நினைத்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்ததுதான் என்று தோன்றியது. மிரட்டிப் பிழைக்கிறவளைப் பிடிக்கப் புறப்பட்டவன், அடிபட்டவளின் வாசலில் அடித்தவனின் ஆளாக வந்து நிற்கிறான். இதற்குள் அவன் கண் பழக்கத்தில் அந்தப் பலகைமேல் போய்விட்டது. போகாமல் இருந்திருக்கலாம்.

"கதவை நீங்கதானே கழற்றச் சொன்னீங்க?" என்று கேட்டான்.

"நான் எங்கே சொன்னேன்? அப்பாதான் குடிவந்த மறுநாளே கழட்டினாங்க. மழைத் தண்ணியில ஊதிப்போயி சாத்த முடியலையாம்."

மாணிக்கவாசகம் குனிந்து பார்த்தான். நல்ல தேக்கு. எந்த விளிம்பும் ஊதவில்லை, எங்கும் ஈரம் பட்ட கறை இல்லை. "கதவு சாத்தினா உங்களுக்கு மூச்சு முட்டும்னு அப்பாகிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"எப்படிச் சொல்வேன்? ஏன்னு கேட்பாங்களே."

அவன் நிமிரவில்லை. ஒரு விஷயம் புரிந்தபின் அது புரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று அவன் ஏங்கியது அன்றுதான். மூடிய கதவு மகளுக்கு ஆகாது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்ட தகப்பன். ஒரு கேள்வியும் கேட்காத தகப்பன். இவள் இத்தனை நாள் எதை அவரிடமிருந்து மறைத்தாளோ, அதை அவர் இவளிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறார். இதைச் சொன்னால் இவள் என்ன ஆவாள்? சொல்லாமல் போனால் அந்த வரியை வெட்டிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை கமிஷன் முடிந்துவிடும், ஆபத்சகாயம் மாலை போட்டுக்கொள்வார். காரியதரிசி கேட்ட வேலையும் முடிந்ததாகிவிடும். மாணிக்கவாசகம் சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்தான். பெயரும் இடமும் யாருக்கும் போகாது, நாங்கள் வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கய்யூம் அவன் முழங்கையைத் தொட்டான்.

சந்து முனையிலிருந்து வந்த பெரியவர் காய்கறிப் பையோடு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அப்பா, சினிமா கம்பெனியிலேருந்து வந்திருக்காங்க," என்றாள் சுந்தரவல்லி சட்டென்று.

இசக்கிமுத்து பையைக் கீழே வைத்தார். கத்திரிக்காய் ஒன்று உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"கேட்டுச்சும்மா."

அவள் முகம் வெளுத்தது. "இப்ப நான் பேசினதா?"

"அன்னைக்கு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நிலையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்தார். மகளைப் பார்க்க முடியாமல், மாணிக்கவாசகத்தைப் பார்த்துக்கொண்டே அவளிடம் பேசினார்.

"நீ சொன்னது கேட்டுச்சு. எந்திரிச்சேன். அங்க நின்ன ஆளு, உக்காருங்க பெரியவரே, ஐயா வந்துருவாகன்னான். உக்காந்துட்டேன். நமக்குத் தப்பாத்தான் கேட்டிருக்கும்னு நெனச்சிக்கிட்டேன். வேலை வேணும்லா, அப்படித்தான் நெனைக்கத் தோணுச்சு. பொறவு நீ வெளிய வந்தப்போ உன் மூஞ்சியப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வேலை கிடைக்குமான்னு கேட்டேன்."

பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"டீக்கடையில உன்னப் பத்தி ஒரு வேடிக்கை சொன்னானுக," என்றார் இசக்கிமுத்து. "எல்லாரும் சிரிச்சானுக. நான் சிரிக்கலேன்னா அடையாளம் கண்டுருவானுகளேன்னு நானும் சிரிச்சேன்."

கய்யூம் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அந்த வேடிக்கை யாருடையது என்று தகப்பனுக்கும் மகளுக்கும் தெரியாது. தெரிந்த இன்னொருவன் மாணிக்கவாசகம். அவனுக்கு அந்த நிமிஷம் யார் முகத்தையும் பார்க்கிற யோக்கியதை இல்லை. அதை நாலு இடத்தில் சொன்னவன் அவனும்தான்.

பெரியவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கமிஷன் கூடுகிறதென்று பேப்பரில் பார்த்ததாகச் சொன்னார். அந்த வரியை எடுக்கச் சொல்லாதீர்கள், இருக்கட்டும் என்றார். பிறகு முதல் தடவையாக மகளை ஏறிட்டுப் பார்த்து, நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார்.

சுந்தரவல்லி அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று மாணிக்கவாசகம் எதிர்பார்த்தான். சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. வெகு நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பெரியவர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நான் ரெண்டு தடவை சொல்லிட்டேன்ப்பா," என்றாள். "அந்த ரூம்ல ஒரு தடவை. கம்பளிக்குப் பின்னால ஒரு தடவை. இனிமே நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் புடவையை விலக்கி உள்ளே போனாள். கமிஷன் ஆபீஸ் இன்னும் மூடியிருக்காது, சாட்சி என்று பெயரைப் பதிந்துகொண்டால் பிறகு காரியதரிசியால் ஒன்றும் செய்ய முடியாது, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மாணிக்கவாசகம் தட்டுத்தடுமாறிச் சொன்னான். பெரியவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினான்.

இசக்கிமுத்து அந்தக் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் ஊன்றித் தானாகவே எழுந்து நின்றார்.